இரங்கலும் முறையீடும்: மரக்காணக் கரையில் துயரத்தின் சொற்கள்

தமிழில் துயரத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் இரங்கல் என்ற சொல்லுக்கு மட்டும் சொந்தமாக ஒரு நிலம் உண்டு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று தொல்காப்பியம் அடுக்கிய ஐந்து உரிப்பொருள்களில் இரங்கலை உரையாசிரியர்கள் நெய்தலுக்கு உரியதாக்கினார்கள். மணல் பரந்த கடற்கரையும் உப்பங்கழியும் அந்த நிலம். தெய்வம் வருணன். பொழுது எற்பாடு. தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் மரக்காணம் இந்த இலக்கணத்துக்கு எழுதி வைத்த எடுத்துக்காட்டு. ஒரு பக்கம் குப்பங்களும் கடலும். மறுபக்கம் பல ஆயிரம் ஏக்கர் உப்பளமும் கழுவெளி என்ற ஈரநிலமும். நிலமும் தொழிலும் மாறாமல் இருப்பதால், இரங்கல் என்ற சொல் கடந்து வந்த வழியை இந்தக் கரையிலிருந்து தொடர்ந்து பார்க்க முடிகிறது.

இரங்கல் என்பது வெறும் அழுகையன்று. இரங்கு என்ற வினைக்குப் பழந்தமிழில் மூன்று பொருள் உண்டு. முரசும் கடலும் ஒலித்தால் அது இரங்குதல். மனம் நொந்தாலும் இரங்குதல். பிறர் துன்பம் கண்டு நெஞ்சு இளகினாலும் இரங்குதல்தான். அலையோசை, வருத்தம், பரிவு மூன்றையும் ஒரே வினை தாங்கியதால் அது கடற்கரைக்கு உரியதானதில் வியப்பில்லை. இன்றும் ‘இரங்கல் செய்தி’, ‘இரங்கல் கூட்டம்’ என்று வழங்கும்போது கடைசி இரண்டு பொருள்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. கடலின் ஓசை மட்டும் வழக்கிலிருந்து கழன்றுவிட்டது.

புலம்பு என்ற சொல்லும் இதே கரையைச் சேர்ந்தது. தொல்காப்பிய உரியியல் புலம்பு என்பதற்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. தனித்திருப்பவர் வாய்விட்டுச் சொல்வது பின்னர் புலம்பல் ஆயிற்று. கடற்கரை நிலத்துக்கும் புலம்பு என்ற பெயர் உண்டு; அதனால்தான் நெய்தல் தலைவனைச் சேர்ப்பன், துறைவன், கொண்கன் என்பதோடு புலம்பன், மெல்லம்புலம்பன் என்றும் பாட்டுகள் அழைத்தன. கரைக்கும் தனிமைக்கும் அழுகைக்கும் ஒரே சொல் அமைந்ததைப் பொருட்படுத்தாமல் நெய்தல் பாட்டுகளைப் படித்தால் பாதி தப்பிவிடும். காத்திருக்கும் பெண் தன் தலைவனைப் ‘புலம்பன்’ என்று குறிப்பிடும் ஒவ்வொரு முறையும் அவளுடைய தனிமையும் அந்தப் பெயருக்குள் அமர்ந்திருக்கிறது.

அழுகை இவற்றினும் பரந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் இரண்டாவதாக அதை வைத்து, பிறக்கும் காரணம் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவதும், உற்றவரை இழப்பதும், நிலை தளர்வதும், இல்லாமையும் ஒரே கண்ணீருக்குள் வருகின்றன. சாவு இந்நான்கில் ஒன்றன் பகுதிதான். இழப்போடு அவமானத்தையும் வறுமையையும் சேர்த்து எண்ணிய இந்தப் பாகுபாடு மிகக் கூர்மையானது. தமிழ்ப் பெண்களின் ஒப்பாரியைக் கேட்டவர்கள், செத்தவரைப் பற்றிய பாட்டுக்குள் கடனும் பசியும் மாமியார் வீட்டுச் சொல்லடியும் நுழைவதை அறிவார்கள். இலக்கண நூல் சொன்ன நான்கும் அங்கே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரும்.

நெய்தலுக்கு ஏன் இரங்கல்? கடல் பார்க்கச் சோகமானது என்பது காரணமன்று. கடல்மேல் போனவர் திரும்பும் நேரம் கரையில் இருப்பவர் கையில் இல்லை. வயலுக்குப் போனவரைக் கூப்பிட்டுவிடலாம். தினைப்புனத்துக்கு ஆள் அனுப்பலாம். கட்டுமரத்துக்கு அனுப்ப வழியில்லை. உப்பு வணிகமும் இதே போன்ற பிரிவைத் தந்தது. உமணர் என்ற உப்பு வணிகர்கள் குடும்பத்தோடு வண்டி வண்டியாக உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்கள் கூடித் தங்கிவிட்டுப் போன இடம் எப்படி வெறிச்சோடிக் கிடக்கும் என்பதைக் குறுந்தொகையின் 124ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாழூரை உவமையாக்கிக் காட்டினார். தலைவனைப் பிரிந்தவளுக்குச் சொல்ல வேண்டியதை உமணர் போன வெற்றிடம் சொல்லிவிடுகிறது.

அகநானூற்றைத் தொகுத்தவர்கள் நெய்தல் பாட்டுகளுக்கு 10, 20, 30 என்று பத்தின் மடங்கான எண்களைக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் 140, 390 ஆகிய இரண்டும் அம்மூவனார் பாடியவை. இரண்டிலும் உப்பு விற்கும் பெண் வருகிறாள். நெல்லுக்கு உப்பு மாற்றாகத் தெருவில் கூவிச் செல்பவள் அவள். அவளைக் கண்டவன் மனம் அழிகிறான். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியைப் பாடியவரும் அம்மூவனாரே. கலித்தொகையின் நெய்தற்கலியைப் பாடியவராகக் கருதப்படும் நல்லந்துவனார், உயிர் கரைவதற்கு உப்பால் செய்த பாவை மழையில் நனைவதை உவமை சொன்னார். நற்றிணை 88இல் அதே பெயருடைய புலவர் குறிஞ்சிப் பாட்டிலும் கடலில் விளைந்த உப்பு மழைநீரில் உருகுவதையே உருகும் நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். உப்பளத்தில் மழை எதைச் செய்யும் என்று அறிந்தவர்களுக்குத்தான் இந்த உவமையின் முழுக் கனமும் தெரியும். பல வார வெயில் திரட்டியதை ஒரு நாள் மழை கொண்டுபோகும். மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதவாக்கில் பாத்திகளைச் செம்மை செய்யத் தொடங்குவார்கள். கோடை முழுவதும் உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை வந்தால் வேலை நின்றுவிடும். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் கரையைக் கடந்ததும் மரக்காணத்துக்கு அருகில்தான்.

ஊரின் பழமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமியின் செங்கடல் வழிக் குறிப்பு, சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்பர். சோபட்மா என்பது சோபட்டினம். சோ என்றாலும் எயில் என்றாலும் மதில்தான். ஆகவே சோபட்டினமும் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் ஒன்றே என்றும், அது இன்றைய மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் கொண்டனர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய நூல் அது. அவன் ஆண்ட கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி.

அந்நூலில் வரும் எயிற்பட்டினத்தில் இரங்கல் இல்லை. பசியோடு வரும் பாணனுக்கு அங்கே நல்ல விருந்து காத்திருக்கிறது. கடல் அலை கரை ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அவற்றையே விறகாக்கி நுளையர் பெண் தேறல் காய்ச்சுகிறாள். சுட்ட மீனும் சேர்ந்து கிடைக்கிறது. வழியில் உமணர் வண்டிகளோடு வரும் குரங்கு உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அகப்பாட்டின் மரபு இந்தக் கரைக்கு இரங்கலை வகுத்திருக்க, ஆற்றுப்படைப் புலவர் இதே கரையில் நிறைவைக் கண்டார். இரண்டும் பொய்யல்ல. திணை என்பது ஊரின் வருணனை அன்று; ஓர் உணர்வைப் பாட எந்த நிலத்தை எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாடு. இந்த வேறுபாட்டை மறந்து, கடற்கரை மக்கள் என்றாலே சோகம் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

நெய்தல் என்ற பெயர் பழந்தமிழில் பூவையும் நிலத்தையும் குறித்தது. சாவு வீட்டில் கொட்டும் பறைக்கும் அதுவே பெயர். புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் நெய்தற்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் காட்டி, இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று கடிந்தார். அழுகையின் பெயரால் படைத்தவனையே குற்றம் சொல்லும் குரல் அது. பண்ணிலும் இந்த உறவு உண்டு. நெய்தலுக்கு உரிய யாழ் விளரி. அதே விளரிப் பண்ணைப் போரில் வீழ்ந்தவனின் உடலருகே பாடி நரியை விரட்டும் மனைவியைப் புறநானூறு 291 காட்டுகிறது. பிரிந்தவனை எண்ணி வருந்துவதற்கும் இறந்தவனைச் சூழ்ந்து அழுவதற்கும் ஒரே பண் போதுமானதாக இருந்திருக்கிறது.

இறப்பின் துயரை இலக்கணம் அகத்தில் வைக்காமல் புறத்திணையான காஞ்சியில் வைத்தது. அங்கே அது துயரைத் துறை துறையாகப் பிரித்தது. மனைவியை இழந்தவன் நிலை தபுதார நிலை. கணவனை இழந்து நோன்பிருப்பவள் நிலை தாபத நிலை. காட்டு வழியில் கணவனை இழந்து தனித்து நிற்பவள் நிலை முதுபாலை. தலைவன் இறந்தபின் எஞ்சியோர் செயலற்று நிற்பது கையறுநிலை. யார் யாரை இழந்தார், எங்கே இழந்தார் என்பதைப் பொறுத்து அழுகையின் பெயரும் பாட்டும் மாறும் என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படை. பிற்கால ஒப்பாரியும் இதே முறையில்தான் பிரிந்தது. தாய்க்கு மகள் அழுவதும் கணவனுக்கு மனைவி அழுவதும் தம்பிக்கு அக்கா அழுவதும் தனித்தனிப் பாட்டுகள். ஒன்றை எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது.

கையறுநிலைப் பாட்டுகளில் ஒரு சிறிய இடைச்சொல் பெரிய வேலை செய்கிறது. மன் என்பது அச்சொல். கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று தொல்காப்பிய இடையியல் அதற்கு மூன்று பொருள் சொல்கிறது. கழிவு என்றால் இருந்தது போய்விட்டது என்ற உணர்வு. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235இல், அவன் கள்ளும் சோறும் பகிர்ந்த விதத்தைச் சொல்லும் ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் தனியாக அழுதேன் என்று சொல்லத் தேவையில்லை. வாக்கியத்தின் வால் அதைச் சொல்லிவிடுகிறது. ஒப்பாரி பாடுபவர் ஒவ்வோர் அடியின் முடிவிலும் ‘அம்மா’ என்றோ ‘ராசா’ என்றோ இழுத்து விம்முவது இதே உத்தியின் வாய்மொழி வடிவம் எனலாம்.

‘ஐயோ’ என்ற சொல்லின் வயதும் இங்கே தெரிகிறது. புறநானூறு 255இல் வன்பரணர் படைத்த பெண், காட்டில் விழுந்து கிடக்கும் கணவனருகே நிற்கிறாள். ஐயோ என்று அலறினால் புலி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். அணைத்துத் தூக்கவும் அவளால் முடியவில்லை. இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அந்தச் சொல் ஒலியும் பொருளும் மாறாமல் தமிழர் வாயில் இருக்கிறது.

இந்தப் பாட்டுகளில் துயரத்தோடு குற்றச்சாட்டும் பிறந்துவிட்டது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தீப்பாயாமல் தடுத்த சான்றோரைப் பார்த்து, கைம்பெண் உண்ணும் உணவையும் படுக்கும் பரல் தரையையும் வரிசையாகச் சொல்லிச் சீறுகிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் அழுகை துன்பமாலையில் தொடங்கி ஊர்சூழ்வரியில் தெருத்தெருவாகக் கேள்வியாகி, வழக்குரை காதையில் அரசன் முன் வழக்காக முடிகிறது. புலம்பலுக்கும் முறையீட்டுக்கும் இடையே அவள் கோடு போடவில்லை. தமிழில் துயரமொழியின் வரலாற்றை ஒரே இழையில் கோக்க வேண்டுமானால் அந்த இழை இதுதான்: அழுவதற்குக் கிடைத்த நேரம் கேள்வி கேட்பதற்கும் கிடைத்த நேரம்.

காப்பியங்களும் பக்தியும் புலம்பலைப் பலவழியில் பெருக்கின. கம்பராமாயணத்தில் தாரையும் மண்டோதரியும் கணவரை இழந்து புலம்புகிறார்கள். இராவணனும் இந்திரசித்துக்காக அழுகிறான். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் ஒரு பதிகத்துக்குத் திருப்புலம்பல் என்றே பெயர். இறைவனைப் பிரிந்த உயிர் தன்னைக் காதலியாக எண்ணிக் கடலையும் அன்றிலையும் நோக்கி நோவது ஆழ்வார் பாசுரங்களில் பழகிய வழி. நெய்தலின் பழைய இரங்கல் அங்கே கோயிலுக்குள் நுழைந்தது.

கிறித்தவம் வந்தபோது விவிலியத்தில் எருசலேமின் அழிவை எண்ணி அழும் நூலுக்குத் தமிழில் புலம்பல் என்ற பெயரே அமைந்தது. இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம், இயேசுவின் பாடுகளையும் மரியாளின் அழுகையையும் ஒப்பாரியின் இழுவையோடு ஓதுவதற்கு வழிசெய்தது. தவக்காலத்தில் ஈழத்துக் கடற்கரைக் கோயில்களில் அதை ஓதுகிறார்கள். மகனை இழந்த தாய் என்ற ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. மற்றதைத் தமிழ் மரபே நிரப்பிக்கொண்டது.

ஆங்கிலத்தில் துயரத்துக்கு வழங்கும் சொற்களைப் பார்த்தால் அவை பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை என்பது தெரியும். லாமென்ட் என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அழுது அரற்றுவது அதன் பொருள். டர்ஜ் என்ற இறப்புப் பாட்டுக்குப் பெயர் தந்தது, இறந்தோருக்கான இலத்தீன் வழிபாட்டில் முதலில் வரும் ‘டிரிகே’ என்ற சொல். ‘வழிநடத்து’ என்று இறைவனை வேண்டும் சொல் அது. அலாஸ் என்ற கூவலுக்குள் களைப்பைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. எலெஜி கிரேக்கத்தது. தமிழ் ஒப்பாரிக்கு மிக நெருங்கிய கீனிங் என்பதோ ஆங்கிலேயர் ஆண்ட அயர்லாந்தின் சொல். ஐரிஷ் மொழியில் அதற்கு அழுதல் என்றே பொருள். அங்கும் பெண்களே உடலைச் சூழ்ந்து பாடினார்கள். கூலிக்குப் பாடுபவர்களும் இருந்தார்கள். 1773இல் கொல்லப்பட்ட ஆர்ட் ஓலியரிக்காக அவன் மனைவி ஐலீன் பாடிய புலம்பல், கொன்றவனையும் துணை நின்றவர்களையும் பழித்துரைப்பதால் புகழ் பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபை கீனிங்கை நெடுங்காலம் கண்டித்தது; 20ஆம் நூற்றாண்டில் அவ்வழக்கம் ஏறக்குறைய மறைந்தது. கண்ணகியும் ஐலீனும் ஒருவரையொருவர் அறிய வழியில்லை. ஆனால் நீதி கிடைக்காத இடத்தில் அழுகை வழக்குரையாகும் என்பதை இரு கரைகளும் தனித்தனியே கண்டுகொண்டன.

ஒப்பாரி என்ற சொல்லை ஒப்புச் சொல்லி அழுதல் என்று விளக்குவார்கள். வடதமிழகத்து ஊர்களில் ‘ஒப்பு வைத்து அழுவது’ என்ற வழக்கும் உண்டு. பிலாக்கணம், மாரடிப்பாட்டு, இழவுப்பாட்டு என்று வேறு பெயர்களும் உள்ளன. பாட்டின் அமைப்பு எளிது போலத் தோன்றும். இரண்டிரண்டு அடிகளாக வரும். முதல் கண்ணியில் தங்கம் என்றால் அடுத்ததில் வெள்ளி. முத்து என்றால் பவளம். கிழக்கு என்றால் மேற்கு. சொற்கள் சிலவே மாற, சொல்முறை அப்படியே திரும்ப வரும். குடிசையில் செத்தவரும் பாட்டில் அரண்மனையில் வாழ்ந்தவர். அவர் வெட்டிய கிணறு வற்றாதது. வளர்த்த தோப்பு வாடாதது. அடுத்த அடியில் கிணறு வற்றும், தோப்பு பட்டுப்போகும். உயர்த்தி வைத்ததை உடனே சாய்ப்பதில்தான் பாட்டின் வலி இருக்கிறது. பாடுபவர் இந்த அச்சை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கங்கே தன் வாழ்க்கையை இட்டு நிரப்புவார். மனப்பாடமும் புனைவும் இப்படிக் கலப்பதால் எந்த ஒப்பாரியும் இரண்டு முறை ஒரே மாதிரி அமைவதில்லை.

வெளியூரிலிருந்து வரும் பெண் தெருமுனையிலேயே குரலெடுப்பாள். வீட்டுப் பெண்கள் எதிர்கொண்டு போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்தோ, வட்டமாக நின்று தோள்மேல் கைபோட்டோ பாட்டு நடக்கும். ஆண்கள் திண்ணையிலும் பந்தலிலும் இருப்பார்கள். பறை வெளியே ஒலிக்கும். கோடி போடுதல், வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகளின் நெய்ப்பந்தம் எல்லாம் முடிந்து பாடை கிளம்பும்போது பெண்கள் தெருவோடு நின்றுவிடுவார்கள். சுடுகாடு அவர்களுக்கு இல்லை. ஆகவே உடல் வீட்டில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் அவர்கள் பேசுவதற்கான காலம்.

அதில் பேசப்படுவது என்ன? தாய்க்கு அழும் மகளின் பாட்டில் அதிகம் வருவது பிறந்த வீடு. அம்மா போனால் அந்த வாசல் தனக்குத் திறக்குமா, அண்ணி சீர் செய்வாளா, ஆடிக்கும் தீபாவளிக்கும் அழைக்க யார் வருவார் என்ற கவலைகள். கணவனை இழந்தவள் பாட்டில் பூவும் பொட்டும் பறிபோவதும், மங்கல காரியங்களில் தனக்கு இடமில்லாமல் போவதும். மாமியாரும் அண்ணியும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இவை பாடப்படும். அழுகையாக இருப்பதால் யாரும் வாயை மூடச் சொல்ல முடியாது. பழைய தென் ஆற்காடு மாவட்டத்தில் 1990களில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே, ‘செத்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்று பொருள்படும் தலைப்பில் 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்கள் இறந்தவரை முன்னிட்டுத் தங்கள் துன்பத்தையே பாடுகிறார்கள் என்பது அவர் கண்டது. 1993இல் அந்த மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. மரக்காணம் அதற்குள் வந்தது. கிளார்க்-டெசேயின் முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தன் துன்பத்தைப் பாடுவதும் இறந்தவருக்கு அழுவதும் இரண்டு வேலைகள் என்று பாடும் பெண்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. தன்னைத் தாங்கியவர் போனார் என்று சொல்ல, தான் படும் பாட்டைச் சொல்வதைத் தவிர வேறு வழி ஏது?

அதே நூல் சுடுகாட்டில் நடக்கும் இன்னொரு முறையீட்டையும் பதிவு செய்தது. வடதமிழகத்துச் சுடுகாட்டு வழியில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல் இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்தபின் வெட்டியான் பாட்டெடுப்பார். தங்கள் குலம் எப்படித் தோன்றியது, இந்தத் தொழில் எப்படித் தலையில் விழுந்தது என்று பாடி, காசு பெற்று வழிவிடுவார். சாவு வீட்டில் பறை அடிப்பதும் குழி வெட்டுவதும் தலித் மக்கள் மேல் சாதி சுமத்திய கட்டாயங்கள். அந்தக் கட்டாயத்துக்குள் நின்றபடியே அதன் நியாயத்தைக் கேட்கும் பாட்டு அது. பல ஊர்களில் இளைஞர்கள் இந்த வேலையை மறுத்தபோது பாட்டும் நின்றது. அது இழப்பு என்று வருந்துவதற்கில்லை.

கூலிக்கு மாரடித்தல் என்ற தொடர் இன்று மனமில்லாமல் செய்யும் வேலையைக் குறிக்கிறது. காசுக்கு ஒப்பாரி வைப்பவர்களை ஊர் எவ்வளவு தாழ்வாகப் பார்த்தது என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி. ஆனால் நூற்றுக்கணக்கான கண்ணிகளை நினைவில் வைத்திருந்து, முன்பின் அறியாத வீட்டில் அந்த வீட்டாரின் உறவுமுறைக்கு ஏற்ப உடனே பொருத்திப் பாடுவது எளிய திறமையன்று. நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் ஒப்பாரிக்கு இடம் தந்தபோதுதான் ஏட்டுக்கல்வி பெற்றவர்கள் பலர் அதை இலக்கியமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எழுத்தறிந்த ஆண்களின் துயரத்துக்கு வேறு வடிவம் இருந்தது. புலவரோ வள்ளலோ இறந்தால் சரமகவி பாடுவது 19ஆம் நூற்றாண்டில் பெருவழக்கு. அச்சு வந்ததும் அது இரங்கற்பாவாக நோட்டீசிலும் பத்திரிகையிலும் இடம்பிடித்தது. யாழ்ப்பாணத்தில் இறந்தவர் வரலாற்றையும் சுற்றத்தார் புலம்பலையும் செய்யுளாக அச்சிட்டுக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற வழக்கம் வேரூன்றியது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் அதை 31ஆம் நாள் நினைவுமலராக ஐரோப்பாவிலும் கனடாவிலும் தொடர்கிறார்கள். ஒப்பாரியில் பெண் தானே பாடினாள். கல்வெட்டில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று தலைப்பிட்டுப் புலவர் எழுதிக் கொடுத்தார். குரல் கைமாறியதும் குற்றச்சாட்டு மறைந்து புகழ்ச்சி மட்டும் நின்றது.

மீன்பிடி ஊர்களில் இந்த வழக்கங்கள் எதற்கும் பிடிகொடுக்காத சாவு ஒன்று உண்டு. கடலில் போனவர் திரும்பாவிட்டால் சூழ்ந்து அழ உடல் இல்லை. எந்த நாளில் அழத் தொடங்குவது என்பதும் தெரியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலை தமிழகக் கரை முழுவதற்கும் இதே நிலையைக் கொண்டுவந்தது. மரக்காணத்துக் குப்பங்களும் உயிர்களைப் பறிகொடுத்தன. மிகப் பெரிய அழிவைக் கண்ட நாகப்பட்டினத்தில் உடல்களை ஒரே குழியில் பலராக அடக்கம் செய்ய நேர்ந்தது. ஒருவருக்கென்று ஒப்புச் சொல்லி அழ அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாளில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவும் வழக்கம் பல ஊர்களில் ஏற்பட்டது. அங்கே பெண்கள் அலையைப் பார்த்து ஒப்பாரி வைக்கிறார்கள். கடலம்மாவைத் திட்டியும் கெஞ்சியும் பாடும் அந்தப் பாட்டில், தலைவனைக் காணாமல் கடலோடு பேசிய பழைய நெய்தல் தலைவியின் முறை தெரிகிறது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நேரத்தில் இழவு விழுந்தது. அங்கே அழுகை முறையீடாகித் தெருவுக்கு வந்தது: உறவினர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். பின்னர் முதலமைச்சர் வந்து பார்த்தார், இழப்பீடு அறிவிக்கப்பட்டது, காவல்துறையினர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இப்போது சாவு வீடுகளில் குளிர்பெட்டி, ஒலிபெருக்கி, கண்ணீர் அஞ்சலிப் பதாகை மூன்றும் முதலில் வருகின்றன. ஒப்பாரிக் குழுக்களை முன்பணம் கொடுத்து அழைத்து மைக்கில் பாடவைப்பதும், கைப்பேசியில் பதிவுசெய்த பாட்டை ஓடவிடுவதும் வட மாவட்டங்களில் பரவிவிட்டன. மைக் வந்தபின் கேட்பவர் பெருகினார்கள். ஆனால் பாட்டில் வருவது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பொதுவான சோகம்தான், அண்ணியையும் அண்ணனையும் எதிரே வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் அதில் இல்லை. படித்த இளம்பெண்கள் ஒப்பாரி வைக்கக் கூச்சப்படுகிறார்கள். அவர்களில் பலர் சொத்தில் பங்கு கேட்கவும் காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கவும் அறிந்தவர்கள். 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் செய்த சட்டத் திருத்தங்கள் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்துவிட்டன. எனினும் உப்பளங்களிலும் குப்பங்களிலும் வேலை செய்யும் மூத்த பெண்களிடம் பழைய கண்ணிகள் இன்னும் இருக்கின்றன. உறவுமுறை வாரியாக அவற்றைப் பாடுபவர் குரலிலேயே பதிவு செய்து வைக்கும் வேலை மரக்காணம் பகுதியில் மிச்சமிருக்கிறது.